பெருந்தமனி வீக்கம்: 'ஸ்டென்ட் வெச்சாச்சே... இனி ஸ்கேன் எதுக்கு?'

2024 செப்டம்பர் 30-ம் தேதி நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். இதயத்திலிருந்து கிளம்பும் முக்கிய ரத்தக்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், அறுவை சிகிச்சை இல்லாமல் ஸ்டென்ட் பொருத்தி அது சரிசெய்யப்பட்டதாகவும் மருத்துவமனை அறிக்கை சொன்னது. சில நாட்களில் வீடு திரும்பினார், பிறகு படப்பிடிப்புக்கும் போனார். செய்தியைப் படித்த பலருக்கு மனதில் நின்றது ஒரே வரிதான்: "ஸ்டென்ட் வெச்சாச்சு, பிரச்சினை முடிஞ்சது."

இந்த நோயில் பொதுவாகவே அந்த 'முடிஞ்சது' என்ற வார்த்தைதான் ஆபத்து. வீங்கிய இடத்தைச் சரிசெய்யலாம். ஆனால், அந்த வீக்கத்தை உண்டாக்கிய பலவீனம் குழாயின் மற்ற பகுதிகளிலும் இருக்கலாம். அதனால் சிகிச்சைக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

பெருந்தமனி வீக்கம்னா என்ன?

அயோர்ட்டா எனப்படும் பெருந்தமனி, உடலின் மிகப்பெரிய ரத்தக்குழாய். இதயத்திலிருந்து மேலெழுந்து, வளைந்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கி, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் இதன் இயல்பான அகலம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் போனால் வீக்கம், அதாவது அன்யூரிசம்.

பழைய சைக்கிள் டியூபில் ஓரிடம் மட்டும் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். குழாய் அகலமாக அகலமாக அதன் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடும். அதனால் பெரிய வீக்கம் வேகமாக வளரும், வெடிக்கும் அபாயமும் அதிகம். வெடித்தால் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பலர் இறந்துவிடுகிறார்கள். அதுவரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் கொடுமை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதே அதிகம்.

புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், வயது, குடும்ப வரலாறு ஆகியவை முக்கியக் காரணங்கள். இளம் வயதில் வந்தால் மார்ஃபான் போன்ற மரபணுக் கோளாறுகளையும், தக்காயாசு எனும் ரத்தக்குழாய் அழற்சியையும் மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள்.

எப்போது சிகிச்சை?

எல்லா வீக்கத்துக்கும் உடனே ஆபரேஷன் கிடையாது. வயிற்றுப் பகுதியில் ஆண்களுக்குச் சுமார் 5.5 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 5 செ.மீ. என்பது பொதுவான எல்லை. மார்ஃபான் இருப்பவர்களுக்கு நெஞ்சுப் பகுதி வீக்கத்தில் இன்னும் முன்னதாகவே சிகிச்சை செய்வார்கள். அந்த அளவை எட்டும்வரை ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

சிகிச்சையில் இரண்டு வழி. ஒன்று, நெஞ்சையோ வயிற்றையோ திறந்து, வீங்கிய பகுதிக்குள் செயற்கைத் துணிக்குழாயைத் தைப்பது. இன்னொன்று, தொடை மடிப்பில் சிறு துளையிட்டு, துணி போர்த்திய ஸ்டென்ட்டை ரத்தக்குழாய் வழியாகவே கொண்டுபோய் உள்ளே விரிப்பது. ரத்தம் இனி ஸ்டென்ட்டுக்குள் ஓடும், வீங்கிய பைக்கு அழுத்தம் போகாது.

அப்போ ஸ்டென்ட்தானே நல்லது?

முதல் மாதத்தைப் பார்த்தால், ஆமாம். 1999-ல் பிரிட்டனில் தொடங்கிய 'இவார்-1' ஆய்வில் வயிற்றுப் பகுதி வீக்கம் இருந்த 1,252 பேர் பங்கேற்றார்கள். முதல் 30 நாட்களில் இறப்பு, ஸ்டென்ட் குழுவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. திறந்த அறுவை சிகிச்சையில் 4 சதவீதத்துக்கும் மேல்.

ஆனால், 2016-ல் வெளியான 15 ஆண்டு முடிவுகள் வேறு கதை சொன்னன. வருடங்கள் போகப் போக அந்த ஆரம்ப லாபம் கரைந்துவிட்டது. 8 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டென்ட் குழுவில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது. மூடியதாக நினைத்த பழைய வீக்கமே மறுபடி வெடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் வலியுறுத்தினார்கள்.

மறுபடி வருவது எப்படி?

முதலாவது, கசிவு. ஸ்டென்ட்டின் ஓரம் சரியாக ஒட்டாமல் போகலாம், இணைப்பு விலகலாம், துணி கிழியலாம், அல்லது சிறு கிளைக்குழாய்கள் வழியாக ரத்தம் பின்பக்கமாகப் பைக்குள் வரலாம். கடைசி வகைதான் அதிகம். பை பெரிதாகாதவரை அதைப் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். மற்றவற்றை உடனே சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, புதிய வீக்கம். செயற்கைக் குழாய் இருக்கும் இடம் தப்பித்துவிடும். அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும் சொந்தக் குழாய் விரியலாம். தையல் போட்ட விளிம்பிலும் வரலாம். மார்ஃபான் உள்ளவர்களுக்கு முதலில் இதயத்தை ஒட்டிய பகுதி, சில வருடங்கள் கழித்து நெஞ்சின் கீழ்ப்பகுதி என்று அடுத்தடுத்து ஆபரேஷன் தேவைப்படுவது உண்டு. இரண்டாவது முறை, பழைய தழும்பும் ஒட்டுத்திசுக்களும் வேலையைக் கடினமாக்கும். நெஞ்சிலிருந்து வயிறு வரை நீளும் ஆபரேஷனில் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கும் அபாயமும் உண்டு.

ஐன்ஸ்டைனின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1948-ல் அவருடைய வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தை ருடால்ஃப் நிசென் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் செல்லோஃபேன் தாளால் சுற்றிப் பலப்படுத்தினார். அன்று இருந்த வழி அதுதான். 1955 ஏப்ரலில் அதே வீக்கம் வெடித்தது. மறுபடி அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த ஐன்ஸ்டைன், 76 வயதில் இறந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கும்?

ஸ்டென்ட் என்றால் பெரும்பாலும் சில நாட்களில் வீடு, சில வாரங்களில் வேலை. திறந்த அறுவை சிகிச்சை என்றால் ஐ.சி.யு., பிறகு ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் வார்டு, முழுத்தெம்பு திரும்ப இரண்டு மூன்று மாதங்கள். பசி இருக்காது. குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றும். தூக்கம் கெடும், மனம் சோர்ந்து போகும். "ஆபரேஷன் சக்சஸ்னு சொன்னாங்களே, ஏன் இப்படி இருக்கே?" என்று வீட்டில் கேட்பார்கள். இது சோம்பல் இல்லை, உடல் தேறுகிற வேகமே அவ்வளவுதான்.

நெஞ்செலும்பைப் பிளந்திருந்தால் அது கூட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை டூவீலர், 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டுமே கூடாது. நடைப்பயிற்சி நல்லது. மூச்சை அடக்கி அதிக எடை தூக்கும் ஜிம் பயிற்சி வேண்டாம். மலச்சிக்கலில் முக்குவதும் ரத்த அழுத்தத்தை ஒரே நொடியில் ஏற்றும், அதனால் அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்.

உடம்பைவிடப் பயம் ஆற அதிக நாள் ஆகலாம். லேசான முதுகுவலி வந்தாலே 'வெடிச்சுடுமோ' என்று தோன்றும். ஸ்கேன் தேதி நெருங்கும்போது தூக்கம் போகும். மறுபடி வளர்கிறது என்று கேட்டவர்களுக்கு இது இன்னும் அதிகம். இதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், மனநல ஆலோசனை பெறலாம்.

கவனிக்க வேண்டியவை

* ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக முதல் மாதம் சி.டி. ஸ்கேன், ஓராண்டில் மறுபடி, பிறகு ஆண்டுக்கொரு முறை ஸ்கேன். திறந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடைவெளி அதிகம், ஆனால் ஸ்கேனே வேண்டாம் என்று ஆகாது.
* சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளை, வேறு வழி இருந்தால் இந்த நோயாளிகளுக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.
* நெஞ்சு, முதுகு, வயிற்றில் திடீரெனத் தாங்க முடியாத வலி, மயக்கம் வந்தால் உடனே 108. 'எனக்குப் பெருந்தமனி வீக்கம் உண்டு' என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் வாயு, மாரடைப்பு, சிறுநீரகக் கல் என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.
* டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி ஸ்கேன் அறிக்கையும் மொபைலில் இருக்கட்டும். வீக்கத்தின் அளவு செ.மீ.யில் எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கும் பரிசோதனை வேண்டுமா?

வேண்டும். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். வயிற்றுப் பகுதிக்குச் சாதாரண அல்ட்ராசவுண்டே போதும். மார்ஃபான் உள்ள பெண்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே இதைப் பார்த்துவிடுவது அவசியம்.

பிரிட்டனில் ஆண்கள் 65 வயதை எட்டும்போது அரசே இந்த ஸ்கேனுக்கு அழைக்கிறது. இந்தியாவில் அப்படியொரு தேசியத் திட்டம் இல்லை. நம் மருத்துவக் காப்பீடுகளும் பெரும்பாலும் படுக்கையில் அனுமதிக்கப்படும் செலவை வைத்தே அமைந்தவை. பல லட்சம் ரூபாய் ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்துவிடும், அடுத்த ஆண்டு ஸ்கேனுக்குச் சொந்தப் பணம் போடும் நிலை பலருக்கு வரும். அங்கேதான் பலர் கண்காணிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அலுவலகக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்கள், வெளிநோயாளி ஸ்கேனுக்கு அதில் இடம் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் வருடத்துக்கு ஒரு ஸ்கேனுக்கான தொகையைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.