வலி பொய்யல்ல!

பள்ளிக்கூடம் போகும் குழந்தை உள்ள வீட்டில், "அம்மா, வயிறு வலிக்கிறது" என்ற குரல் கேட்காத மாதம் உண்டா? ஒரு நாள் வலித்து மறுநாள் மறந்துபோனால் கவலையில்லை. மாதக் கணக்கில் விட்டுவிட்டு வலித்தால்? ரத்தம், மலம், ஸ்கேன் என்று எல்லாம் பார்த்து டாக்டர், "ஒன்றுமில்லை" என்று சொன்ன பிறகும் வலித்தால்? அப்போதுதான் வீட்டில் கட்சிகள் கிளம்புகின்றன. "மட்டம் போடுகிற தந்திரம்" என்பது அப்பா கட்சி. "கண் பட்டிருக்கிறது, சுற்றிப் போடு" என்பது பாட்டி கட்சி. நடுவில் தவிப்பவள் தாய்.

டாக்டர் "ஒன்றுமில்லை" என்பதற்கு, "ஆபத்தான நோய் இல்லை" என்றுதான் பொருள். வலி இல்லை என்று பொருள் அல்ல.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லியும், நோரா நேஷ் என்ற டாக்டரும் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி அடிக்கடி வயிற்று வலி! பெரும்பாலான குழந்தைகளிடம் உறுப்புக் கோளாறு எதுவும் அகப்படவில்லை. தொப்புளை விட்டு வலி தள்ளிப் போகப் போகத்தான் நோய் இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும் என்றார் ஆப்லி.

அப்படியானால் ஏன் வலிக்கிறது? குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. அதற்கும் மூளைக்கும் ஓயாமல் செய்தி போய்வருகிறது. சில குழந்தைகளுக்கு இந்த நரம்புகள் மிகவும் கூர்மையாகிவிடுகின்றன. பிறருக்குத் தெரியாத சாதாரணக் குடல் அசைவும் வாயுவும் அவர்களுக்கு வலியாகப் படுகின்றன. பயமும் கவலையும் அதை அதிகமாக்கும். "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்று நாமே சொல்வதில்லையா?

மலச்சிக்கலையும் மறக்காதீர்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போக அருவருத்து, நாள் முழுதும் அடக்கிக்கொள்ளும் பெண் குழந்தைகள் எத்தனையோ பேர். தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். காலை ஆகாரத்துக்குப் பிறகு பத்து நிமிஷம் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள். பாலோ வேறு ஆகாரமோ ஒத்துக்கொள்ளவில்லையா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் மீண்டும் டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள்: எடை குறைவது, வளர்த்தி தடைப்படுவது, மலத்தில் ரத்தம், விடாத பேதி, அடிக்கடி ஜுரம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி. பச்சை நிற வாந்தி வந்தாலோ, வலி வலது அடிவயிற்றில் நிலைத்து நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விளக்கெண்ணெய் கொடுப்பதும் வயிற்றை உருவிவிடுவதும் கூடவே கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால், வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

முதலில், "உனக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு, "இப்போது வலிக்கிறதா?" என்று மணிக்கொரு தரம் விசாரிப்பதை நிறுத்துங்கள். கேட்கக் கேட்கக் குழந்தையின் கவனம் வயிற்றிலேயே நிற்கும். வலி எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்பதை ஒரு நோட்டில் நீங்களே குறித்து வாருங்கள். கணக்குப் பாடம் உள்ள நாளா, பஸ்ஸில் யாராவது சீண்டுகிறார்களா என்பது இரண்டு வாரத்தில் புலப்படலாம்.

கூடிய வரையில் பள்ளிக்கு அனுப்புங்கள். வலி வந்தால் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப ஆசிரியையிடம் ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் தங்கும் நாளில் தொலைக்காட்சியும் தின்பண்டமும் விசேஷ உபசாரமும் வேண்டாம். வயிறு உப்பி அமிழ மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொடுங்கள். இதற்கென்று பயிற்சி பெற்ற மனோதத்துவ நிபுணர்களும் உதவுகிறார்கள். அவர்களிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலி ஒரே நாளில் போகாது. ஆனால் அது வந்த நாளிலும் குழந்தை பள்ளிக்குப் போய், விளையாடி, சிரித்தால், பாதி வெற்றி உங்களுடையது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மீதிப் பாதியும் நாளாவட்டத்தில் வந்துவிடுகிறது.