இவ்வளவு தூரம் வந்தாச்சு...

போன வாரம் பூனாவிலிருந்து மகன் எனக்கு ஒரு எக்ஸெல் அட்டவணை அனுப்பினான். வருகிற விடுமுறையில் ஆறு நாள் எங்களோடு இருக்கப் போகிறான். அந்த ஆறு நாளில் ஐந்தை ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறான். முதல் நாள் விடிகாலை நாலு மணிக்குத் திருவொற்றியூரில் காரில் ஏறி, மதியம் மைசூர், சாயந்திரம் அரண்மனை. இரண்டாம் நாள் நாகரஹொளே. மூன்றாம் நாள் காலையில் பந்திப்பூர், மாலையில் முதுமலை. நான்காம் நாள் ஊட்டி. ஐந்தாம் நாள் ஊட்டியிலிருந்து நேரே வீடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நான் எழுதியது இதுதான்: "மூணு காட்டில் ரெண்டை அடிச்சிடு. ஊட்டியையும் அடிச்சிடு. காரையும் அடிச்சிடு."

உடனே போன் வந்தது. "என்னப்பா, இவ்வளவு தூரம் போயிட்டு அதையெல்லாம் பார்க்காம வர்றதா?"

இந்த "இவ்வளவு தூரம்" என்ற வார்த்தையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நம் தலைமுறைக்கே இது ஒரு வியாதி. திருப்பதிக்குப் போனால் காளஹஸ்தி, காளஹஸ்தி போனால் காணிப்பாக்கம். கோயிலுக்காவது பரவாயில்லை, சாமி எங்கேயும் ஓடிவிடாது. காட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. அறுபத்தைந்தைத் தாண்டிய உடம்புக்கும் ஒத்துவராது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் என் மனைவியும் இதே சுற்றைச் சுற்றியிருக்கிறோம். அப்போது திட்டம் போட்டவன் நான். எக்ஸெல் இல்லை, டைரியின் பின்பக்கம். நாலு நாளில் மூன்று காடு. போக வர 1300 கிலோமீட்டருக்குக் குறையாது. என்ன பார்த்தோம்? மூன்று காட்டிலும் புள்ளிமான் பார்த்தோம். ஒரு காட்டெருமையின் பின்பக்கம் பார்த்தோம். மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடும் மரங்களையும் சுங்கச்சாவடிகளையும் பார்த்தோம்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் என் மனைவிக்குக் குளிர் காய்ச்சல். நீர்க்கடுப்பு முற்றிப்போய்ப் பத்து நாள் மருந்து. டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழியில் கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும், வண்டியை நிறுத்தச் சொன்னால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேனோ என்று, நாலு நாளும் தண்ணீரே குடிக்காமல் வந்திருக்கிறாள். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்கதான் லேட்டாகுது, லேட்டாகுதுன்னுக்கிட்டே வந்தீங்களே" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. நாகரஹொளேயில் நேரம் இழுத்துவிட்டதால், மைசூர் வந்து பந்திப்பூர் சோதனைச் சாவடியை அடைந்தபோது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. கதவு மூடியாயிற்று. பந்திப்பூர் காட்டு வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி போகக்கூடாது என்ற தடை 2009-இலிருந்து இருக்கிறது. ஆம்புலன்சும் ஒன்றிரண்டு அரசு பஸ்களும் மட்டும் விதிவிலக்கு. எனக்கு அது தெரியாது. மசினகுடியில் ரூம் போட்டிருக்கிறோம், பணம் கட்டியாயிற்று என்று காவலாளியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சண்டை போட்டேன். அவர் நிதானமாக, "ஆறு மணிக்கு வாங்க சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோபத்தோடு வந்து காரில் உட்கார்ந்தேன். பின்னால் ஏழெட்டு லாரிகள். ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தார்கள். கடைசி லாரியும் அணைந்த பிறகு ஒரு அமைதி வந்தது பாருங்கள், அப்படி ஒன்றை எங்கள் தெருவில் நான் கேட்டதே இல்லை.

இதைப் படிக்கும் நம் பகுதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற இரவுகள் உங்களுக்கும் தெரியும். சென்னைத் துறைமுகம் போதாதென்று எண்ணூரில் ஒன்று, காட்டுப்பள்ளியில் ஒன்று என்று வந்தபின் வண்டிகள் எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் வரும் என்றே தெரியாது. என் அம்மா கடைசிக் காலத்தில் காலையில் மீன் வாங்க ரோட்டைத் தாண்டுவதற்கு, கையில் கூடையோடு, இரண்டு டிரெய்லருக்கு நடுவே இடைவெளி கிடைக்குமா என்று கால் மணி நேரம் நிற்பார். கடல் பக்கத்தில் வீடு, இந்தப் பக்கத்தில் ரேஷன் கடை. நடுவில் ஓடுவது யாருடைய ரோடோ.

யானைக்கும் அதேதான். குடிக்க மாயாற்றுக்கோ குட்டைக்கோ போக வேண்டும், தின்ன இன்னொரு பக்கம் போக வேண்டும். ஒரு யானைக்கு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், 150 கிலோ தீனி வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கிடைக்காது. குட்டியைக் கூட்டிக்கொண்டு ரோட்டோரம் இடைவெளி பார்த்து நிற்கும் யானையை அடுத்த நாள் காலை பார்த்தேன். எனக்கு ஞாபகம் வந்தது என் அம்மாவின் கூடை.

இந்த இரவுத் தடையை எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் வயநாட்டில் இதற்காகப் பெரிய போராட்டமே நடந்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. காய்கறி ஏற்றியவனுக்கும், இரவில் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனுக்கும் அது வாழ்க்கைப் பிரச்சினை. ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிற நமக்கு அந்த நியாயத்தில் பங்கு கிடையாது. நாளைக்கு ஒன்பது மணி நேரம் அந்த ரோடு காட்டுக்காரர்களுடையது. நம் தெருவுக்கு அப்படி ஒன்பது மணி நேரம் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்போமா? திட்டம் போடும்போது முதலில் எழுத வேண்டிய நேரம் அதுதான், நாம் காலையில் எழுந்திருக்கும் நேரம் இல்லை.

சரி, மூன்று காட்டில் இரண்டை ஏன் அடிக்கச் சொன்னேன்? மூன்றும் ஒரே காடு, அதனால்தான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முதுமலை முடிகிற இடத்தில் பந்திப்பூர் தொடங்குகிறது. பந்திப்பூருக்கும் நாகரஹொளேக்கும் நடுவே கபினி அணையின் நீர் இருக்கிறது. பக்கத்திலேயே வயநாடு. 1986-இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் என்று ஒன்றாகச் சேர்த்து அறிவித்ததே அதனால்தான். நடுவில் இருப்பது மாநிலங்களின் சோதனைச் சாவடி. அது நமக்கு. பந்திப்பூரில் காலையில் பார்த்த யானையே மாலையில் முதுமலையில் நின்றாலும் ஆச்சரியம் இல்லை. ஒரே படத்தை மூன்று தியேட்டரில் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று படம் பார்த்தேன் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் அந்தக் காடே வேறு மாதிரி தெரியும். தெப்பக்காடு யானைகள் முகாமில் சாயந்திரம் யானைகளுக்கு உணவு கொடுப்பதை உட்கார்ந்து பார்க்கலாம். ராகிக் களி உருண்டையைப் பாகன் வாயில் வைக்கும்போது அந்த யானை குழந்தை மாதிரி நிற்கும். 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் பொம்மனையும் பெள்ளியையும் பார்த்தீர்களே, அதே முகாம்தான். முதுமலை 1940-லேயே சரணாலயமானது. தென்னிந்தியாவில் முதல் சரணாலயம் என்பார்கள். புலியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான். புலி நம் விடுமுறையைப் பார்த்து வராது.

காட்டின் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று நினைப்பதும் தப்பு. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பெரிய தீ. கோடையில் தீப் பயம் இருந்தால் சஃபாரியை நிறுத்துவார்கள். 2025 நவம்பரில் புலி மனிதர்களைத் தாக்கிய சம்பவங்களுக்குப் பிறகு கர்நாடகத்தில் பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியை நிறுத்தினார்கள். நீலகிரி மாவட்டத்துக்குள் வெளியூர் வண்டி நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவு. ஐந்து நாளை ஐந்து கட்டமாக அடைத்து வைத்தால், ஒரு கதவு மூடினாலும் மொத்த அட்டவணையும் சரியும்.

ஊட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் கிட்டேதான், 36 கொண்டை ஊசி வளைவுதானே என்றான் மகன். 2018-இல் சென்னையிலிருந்து போனவர்களின் கார் அந்த மலைப்பாதையில் உருண்டு, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள். ஊட்டியை நான் நாலு தரம் பார்த்தாயிற்று. போதும்.

இப்போது கார். இதில்தான் மகனுக்கு என் மேல் வருத்தம். கார்ப் பயணத்தில் ஒரு சுகம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆம்பூரில் இறங்கிப் பிரியாணி சாப்பிடுவதை எந்த ரயிலும் தராது. ஆனால் நாம் இருப்பது வடசென்னையில். வேளச்சேரிக்காரன் வீட்டிலிருந்து கிளம்பினால் பெங்களூர் சாலை கிட்டே. நாம் மாதவரம் தாண்டி, வெளிவட்டச் சாலையைப் பிடித்து, நசரத்பேட்டையில் பெங்களூர் சாலையில் ஏறுவதற்குள்ளேயே, வழியெல்லாம் டிரெய்லர், முதுகு பாதி கேட்டுவிடும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. விடிகாலை இருட்டில் எதிரே வரும் விளக்கு இன்னும் சிதறித்தான் தெரிகிறது. மகன் ஒருத்தனே 500 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து, மறுநாள் காட்டுக்குள் கண் விழித்து உட்கார முடியுமா?

1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா பக்கம் கிளம்பியதே நம் இராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். 170 வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் மேற்கே ரயிலில் போயிருக்கிறார்கள். நாம் இன்று கிளட்சை மிதித்துக்கொண்டு போக வேண்டுமா? (அந்த ஸ்டேஷனைப் பற்றி ஒரு நாள் தனியாக எழுத வேண்டும்.) சென்ட்ரலில் விடிகாலை வந்தே பாரத்தில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மைசூர். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேரடியிலிருந்து மெட்ரோ இருக்கிறது, ஆனால் அந்த நேரத்துக்கு முதல் மெட்ரோவை நம்பினால் வயிற்றில் புளி கரையும். ஆட்டோதான். முக்கியமான விஷயம், ரயிலில் கழிப்பறை இருக்கிறது.

ஆக, நான் திருப்பி அனுப்பிய அட்டவணை: ஞாயிறு ரயிலில் மைசூர். ஞாயிறுதான், ஏனென்றால் அன்றுதான் சாயந்திரம் ஏழு மணிக்கு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்பு எரியும். திங்கள் முழுக்க மைசூர், நிதானமாக. செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை, அதனால் அதைத் திங்களிலேயே பார்த்துவிட வேண்டும். செவ்வாய் காலை உள்ளூர் வாடகைக் காரில், ஊர்க்கார டிரைவரோடு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகப் பகல் வெளிச்சத்தில் தெப்பக்காடு. காட்டு ரோட்டில் நிறுத்துவது, இறங்குவது, ஹாரன் அடிப்பது, குரங்குக்குப் பிஸ்கட் போடுவது எதுவும் கிடையாது. தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் பாட்டிலைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு இரவு அங்கே. வியாழன் திரும்ப மைசூர், வெள்ளி ரயில்.

மகன் ஒரு நாள் பதில் அனுப்பவில்லை. நேற்று இரவு வந்தது. நாகரஹொளேயையும் ஊட்டியையும் எடுத்துவிட்டிருக்கிறான். பந்திப்பூர் சஃபாரியை மட்டும் மஞ்சள் நிறத்தில், கேள்விக்குறி போட்டு, வைத்திருக்கிறான். இருக்கட்டும்.

என் மனைவியிடம் அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். பிறகு கேட்டாள்: "சாமுண்டி மலைக்குக் கார் மேல வரைக்கும் போகுங்களா?"

போகும் என்றேன். திங்கள் காலையில் எழுதிக்கொண்டேன்.