உலக முடிவில் பிள்ளைகள் பார்த்த வெள்ளைச் சுவர்

கல்விச் சுற்றுலா முடிந்து வந்த பிள்ளைகளிடம் எப்படி இருந்தது என்று கேட்டோம். "சேர், உலக முடிவுல ஒண்டுமே தெரியல்ல, வெள்ளையா மூடிக் கிடந்த" என்றார்கள்.

பிழை இடத்தில் இல்லை, எங்களில்தான். ஹோர்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கிலிருந்து முகில் மேலெழும். பெரும்பாலான நாட்களில் காலை 10 மணிக்குள் எல்லாம் மூடிவிடும். 800 மீற்றருக்கும் அதிகமான பள்ளம் காலடியில் இருந்தும் தெரியாது. புவியியல் பாடத்தில் இதைப் படிப்பிக்கிற நாங்களே பிள்ளைகளை நண்பகலில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

காரணம், 3 நாளில் 12 இடம் என்று போட்ட பட்டியல். இடங்கள் கூடினால்தான் பெற்றோர் சம்மதிப்பார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். "மற்றப் பாடசாலை இத்தனை இடம் காட்டினதே" என்று பெற்றோரும் கேட்கிறார்கள். கடைசியில் பிள்ளைகள் கூடுதலாகப் பார்த்தது பஸ் ஜன்னலைத்தான்.

உண்டியல் உடைத்துக் காசு கட்டிய பிள்ளையும் அந்த பஸ்ஸில் இருந்தது. அதற்கு மலைநாடு பார்க்க இன்னொரு சந்தர்ப்பம் லேசில் வராது.

அடுத்த முறை 4 இடம் போதும். முதல்நாள் இரவு நுவரெலியாவில் தங்கி, சுபஹ் தொழுத கையோடு புறப்படுவோம், இன்ஷா அல்லாஹ். சுமார் 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையைப் பிள்ளைகள் ஆறுதலாக நடக்கட்டும்.

பெற்றோர்களே, எத்தனை இடம் என்று எங்களிடம் கேட்காதீர்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்று கேளுங்கள்.