யாருக்குச் சுதந்திரம்?

நெதர்லாந்தின் கீர்ட் வில்டர்சும் அவர்தம் சுதந்திரக் கட்சியும் அதிதீவிர வலதுசாரிகளா, தனிமனித சுதந்திரத்தின் காவலரா என்னும் விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. காவலரே என்போர், பேச்சுரிமைக்கும் பெண்ணுரிமைக்கும் அவர் எழுப்பும் குரலைச் சான்று காட்டுவர். குரலை விடுத்துக் கோரிக்கைகளை நோக்குவோம்.

பேச்சுரிமை பேசும் அவரே 2007இல் குர்ஆனைத் தடைசெய்யக் கோரினார். பெண்ணுரிமை பேசும் அவரே 2009இல் முக்காடணியும் பெண்ணிடம் ஆண்டுக்கு 1000 யூரோ வரி அறவிட வேண்டுமென்றார். தனிமனித சுதந்திரவாதி அரசின் கையைக் கட்ட விழைபவன். இவரோ அக்கையை ஒரு சமூகத்தின் மீது ஓங்கச் சொல்கிறார். 2006இல் தோன்றிய அவர் கட்சியும் அவர் ஒருவரையே உறுப்பினராகக் கொண்டு அமைந்தது. ஆதரவாளருக்கே உறுப்புரிமை மறுத்த கட்சி எவருக்குச் சுதந்திரம் வழங்கும்?

எனினும், அதிதீவிரவாதி என்று பெயர் சூட்டிவிட்டு நாம் அமைதல் தகாது. 2023 நவம்பர்த் தேர்தலில் 150 ஆசனங்களுள் 37ஐ அவருக்கு அளித்தோர் அனைவரும் இனவெறியரல்லர். வீட்டுப் பஞ்சத்தாலும் மருத்துவச் செலவாலும் நொந்த உழைப்பாளரும் அவருள் உளர். உழைப்பாளருக்கு வில்டர்ஸ் அளித்த வாக்கின் பெறுமதியை 2010ஆம் ஆண்டே காட்டிற்று: ஓய்வூதிய வயது 65ஐத் தாண்ட விடேன் என்று சூளுரைத்தவர், தேர்தல் முடிந்த மறுநாளே அதனை விட்டுக்கொடுக்க முன்வந்தார். பின்னர் அவர் ஆதரவில் அமைந்த அரசு செலவுக் குறைப்பில் இறங்கியது.

பிறர் உரிமையைப் பறிப்பதால் உழைப்பவன் வீட்டு வாடகை குறைவதில்லை. இவ்வுண்மையை அவனிடம் எடுத்துச்சொல்வதும், வாடகையைக் குறைக்கும் அரசியலை முன்வைப்பதுமே முற்போக்காளர் கடன். அது செய்யப்படாதவரை, பெயர் குறித்த விவாதத்தால் வில்டர்ஸ் இழப்பது ஒன்றுமில்லை.