எண் ஏறியது, ஆபத்து ஏறவில்லை

2025 பிப்ரவரி 18 அன்று நாசா ஒரு எண்ணை வெளியிட்டது: 3.1 சதவீதம். சுமார் 60 மீட்டர் குறுக்களவுள்ள '2024 ஒய்.ஆர்.4' என்ற விண்கல், 2032 டிசம்பர் 22-ல் பூமி மீது மோதுவதற்கான வாய்ப்பு அது. மோதினால் எங்கே? பசிபிக் கடலின் கிழக்கிலிருந்து தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரபிக் கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்ட ஒரு பட்டையில் எங்கு வேண்டுமானாலும். அந்தப் பட்டையில் மும்பையும் இருந்தது. கூரையோடு கூரை உரசும் தாராவியும், மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளும் சேர்த்துத்தான்.

கணக்குப் போட்டது கம்ப்யூட்டர். சிலியில் உள்ள 'அட்லஸ்' தானியங்கி தொலைநோக்கி 2024 டிசம்பர் 27-ல் இக்கல்லைக் கண்டது. இப்படி உலகெங்கும் கிடைக்கும் தகவல்களை வைத்து, கலிபோர்னியாவில் 2002 முதல் இயங்கும் நாசாவின் 'சென்ட்ரி', அடுத்த 100 ஆண்டுகளில் மோதல் உண்டா என்று அலசுகிறது. புதிய தகவல் வந்தால் கணக்கும் மாறும். முடிவுகளில் ஒளிவுமறைவு இல்லை.

ஜனவரி இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்டிய எண் மூன்றைத் தாண்டியதும், ஆபத்து வளர்கிறது என்று பலர் பயந்தார்கள். ஆனால் விஷயம் வேறு. வங்கக் கடலில் புயல் கிளம்பினால் முதலில் நாகப்பட்டினத்துக்கும் நெல்லூருக்கும் இடையே கரை கடக்கலாம் என்பார்கள். மறுநாள், கடலூருக்கும் நெல்லூருக்கும் இடையே. சென்னைக்குக் கவலை கூடும். புயல் வலுத்ததால் அல்ல, எல்லை சுருங்கியதால். கடைசியில் புயல் நெல்லூர் பக்கம் ஒதுங்கினால் சென்னைக்கு நிம்மதி. விண்கல் விஷயத்திலும் இதுதான் நடந்தது. பாதை துல்லியமாகத் துல்லியமாக, பூமி அந்த எல்லைக்கு வெளியே போனது. பிப்ரவரி 24-ல் எண் 0.004 சதவீதம்.

அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் விண்கல் வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியவில்லை. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கிழித்தது கல் அல்ல, ஜன்னல் கண்ணாடி. வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடியவர்கள் அதில் பலர். அதிர்வலை பிறகுதான் வந்தது.

கம்ப்யூட்டரால் எண்ணைத்தான் தர முடியும். அதற்கு என்ன பொருள் என்பதையும், வானில் பெரும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்பதையும் தாராவியின் சந்துகளில் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை.