ஓய்வும் பயிற்சிதான்!



போன வருஷம் குறுவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு வெறி வந்தது. 1500 மீட்டரில் ஜெயிச்சே ஆகணும்! தினமும் காலையில் தென்காசி கோபுரத்திலிருந்து குற்றாலம் பேரருவி வரை ஓடிப்போய் ஓடியே திரும்புவேன். ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சாயங்காலம் கிரவுண்டில் 400 மீட்டர் சுற்று, 8 தடவை, அதுவும் முழு வேகத்தில். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

பத்தாம் நாள் முன்னங்கால் எலும்பில் வலி. அருவியில் நின்றால் சரியாயிரும் என்று நினைத்தேன். ஆகவில்லை. போட்டியன்று ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டினேன்.

பி.டி. சார் திட்டவில்லை. "ஏல, தூரத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்துல ஏத்துனா கால் என்னல செய்யும்?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். பயிற்சி உடம்பைக் களைக்க வைக்கிறது. உடம்பு பலம் பெறுவது அதற்குப் பிறகு வரும் ஓய்விலும் தூக்கத்திலும்தான்.

இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் 1954-இல் கால் மைல் ஓட்டத்தைப் பத்துப் பத்துத் தடவையாக ஓடிப் பழகினார். எவ்வளவு முயன்றும் சுற்றுக்கு 61 விநாடிக்குக் கீழே வரவில்லை. ஓட்டத்தை விட்டுவிட்டுச் சில நாள் மலை ஏறப் போனார். திரும்பி வந்ததும் 59! அந்த மே 6-ஆம் தேதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, 4 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார்.

கிரிக்கெட்டிலும் வேகப்பந்து வீச்சாளர் வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறார் என்று இப்போது எண்ணித்தான் விடுகிறார்கள்.

நாமோ, ஒருநாள் கிரவுண்டுக்கு வராதவனைச் சோம்பேறி என்கிறோம். "அப்போ கஷ்டப்பட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேணும்! வாரத்தில் இரண்டு நாள் முழுசாகக் கஷ்டப்படுவோம். மற்ற நாள் பக்கத்தில் ஓடுபவனோடு பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஓடுவோம். ஒருநாள் முழு ஓய்வு. வேகத்தைக் கூட்டும் வாரம் தூரத்தைக் கூட்டக் கூடாது. தினமும் களைத்த காலோடு ஓடினால் வேகமும் வராது, தூரமும் வராது.

இந்த வருஷம் அப்படித்தான் பழகினேன். நான்காவதாக வந்தேன். கப் இல்லை. ஆனால் ஓடி முடித்தேன். மறுநாளும் ஓட முடிந்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பயிற்சியும் அப்படித்தான் நண்பர்களே!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்