கண்டெடுத்தவனைக் கள்ளனாக்கும் ஊர்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுக் கொமன்ட் போடுங்கள். பாதியைப் பார்த்துவிட்டுப் போட்ட ஒரு பதிவினால் வந்த வினையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள், அஸருக்குப் பிறகு, நமது கடற்கரைப் பூங்கா எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊஞ்சலுக்கு ஒரு வரிசை, ஐஸ்கிரீம் வண்டிக்கு ஒரு வரிசை, வெளியூர் வேன்கள் பாதை முழுக்க. அந்த நெரிசலுக்குள் சறுக்கு மரத்தடி மணலில் ஒரு கைப்பை கிடந்தது. கண்டெடுத்தவன் எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் தரம் படிக்கும் பிள்ளை. வாப்பா கடலுக்குப் போகிறவர்.

யாருடையதென்று அறியப் பையைத் திறந்து பார்த்திருக்கிறான். கைக்குழந்தையின் தங்கக் காப்பு ஒன்று, கொஞ்சம் காசு, அடையாள அட்டை, ஒரு கிளினிக் கொப்பி. நேரே பூங்காக் காவலாளியிடம் கொண்டுபோயிருக்கிறான். "இதெல்லாம் எனக்குப் பொறுப்பில்ல தம்பி, நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. பொலிஸில குடு" என்று அவர் கையை விரித்துவிட்டார். பதினான்கு வயதுப் பிள்ளை தங்கத்தோடு தனியாகப் பொலிசுக்குப் போவானா? வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவிடம் கொடுத்தான். வாப்பா கடலில். உம்மா அதைப் பத்திரமாக வைத்துவிட்டு அவர் வரும்வரை காத்திருந்தார்.

அவன் பையைத் திறந்து பார்த்ததை யாரோ ஒருவர் போனில் எடுத்திருக்கிறார். காவலாளியிடம் போனதை எடுக்கவில்லை. இஷாவுக்கு முன்னரே ஊர்ப் பக்கமொன்றில் அந்தப் பிள்ளையின் முகம் வந்துவிட்டது: பெருநாள் கூட்டத்தில் கைவரிசை, இவன் யாருடைய பிள்ளை?

காலையில் வாப்பா கரைக்கு வந்ததும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த இலக்கத்துக்கு எடுத்தார். பக்கத்து ஊர்க் குடும்பம். கணவனும் மனைவியும் வந்து, எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, பிள்ளையின் தலையைத் தடவி துஆ செய்துவிட்டுப் போனார்கள். பொருளைப் பறிகொடுத்தவர் அவனைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்தது நாம்தான். அதைப் பகிர்ந்தவர்களில் எங்கள் பெற்றோரும் இருந்தார்கள், ஆசிரியர்களும் இருந்தார்கள். வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

பதிவு அடுத்த நாள் சத்தமில்லாமல் அழிக்கப்பட்டது. ஒரு மன்னிப்பு வார்த்தை இல்லை. பிள்ளை நான்கு நாள் பாடசாலைக்கு வரவில்லை. வந்த பிறகு, எங்களில் ஒருவர் வகுப்பில் அமானிதம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது எழும்பி நின்று சொன்னான்: "சேர், அடுத்த தடவ கண்டா காலால மணலத் தள்ளி மூடிட்டுப் போயிருவன்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

மாதக்கணக்காக நாங்கள் படிப்பித்ததை ஊர் ஓர் இரவில் அழித்துவிட்டது. இப்போது அந்த வகுப்புக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

கண்டெடுத்த பொருளுக்கு நமது மார்க்கத்தில் தனிப் பாடமே இருக்கிறது. லுகதா என்று மதரசாவில் ஓதியவர்களுக்குத் தெரியும். பையையும் அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்றாக அறிந்துவைத்துக்கொள், ஒரு வருடம் அறிவி என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பையையும் கயிற்றையும் எதற்காக அறிந்துவைக்கச் சொன்னார்கள்? கேட்டு வருபவரிடம் அடையாளம் கேட்பதற்காக. அதனால்தான் அறிவிக்கும்போது சில அடையாளங்களை மட்டும் சொல், எல்லாவற்றையும் சொல்லிவிடாதே என்று ஃபிக்ஹ் நூல்களில் எழுதிவைத்தார்கள். கண்டெடுத்தவர் நீதமான சாட்சிகளை வைத்துக்கொள்ளட்டும், மறைக்க வேண்டாம் என்றும் ஹதீஸில் வந்திருக்கிறது. சாட்சி எதற்கு? பொருளைக் காப்பாற்ற மட்டுமல்ல, எடுத்தவரின் மானத்தைக் காப்பாற்றவும்தான்.

இனி நாம் செய்வதைப் பாருங்கள். ஒரு மோதிரம் கிடைத்தால் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே பொறித்த எழுத்து வரை படமெடுத்து, "உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்" என்று போடுகிறோம். அடையாளத்தைத்தான் நாமே சொல்லிக்கொடுத்துவிட்டோமே, பிறகு வருபவர் எதைச் சொல்வது? ஒரு மோதிரத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள் வந்து சண்டை பிடித்ததை இதே ஊரில் பார்த்தோம். மூன்று பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், படத்தைப் பார்த்து.

அடையாள அட்டையைப் படமெடுத்துப் போடுவது அதைவிட மோசம். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அந்த நாளுடன் 500 கூட்டியிருக்கும். பெயர், விலாசம், படம் எல்லாம் சேர்த்து ஒரு சகோதரியின் விபரத்தை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டு "ஷெயார் பண்ணுங்க, நன்மை கிடைக்கும்" என்று எழுதுகிறோம். பெயரில் முதலெழுத்தும் ஊரும் போதும். மற்றதை மறையுங்கள்.

போன் கிடைத்தால் இன்னும் இலேசு. அது எப்படியும் ஒலிக்கும், எடுத்துப் பேசுங்கள். சார்ஜ் போய்விட்டால் ஏற்றி வையுங்கள். சிம்மைக் கழற்றியவர் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டார். அவருக்கு லுகதாப் பாடம் தேவையில்லை, வேறு பாடம்தான் தேவை.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் ஆட்டிக்கொண்டு, "ஏதாவது பாத்துச் செய்ங்க" என்று தேத்தண்ணிக் காசுக்கு நிற்பவர்கள். தொலைத்தவர் மனம் விரும்பித் தந்தால் அது அன்பளிப்பு. முன்கூட்டியே சன்மானம் அறிவித்திருந்தால் அதுவும் வேறு கதை. இரண்டும் இல்லாமல் பொருளைப் பிடித்துவைத்துக்கொண்டு கேட்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே யோசியுங்கள்.

"பொலிசுக்குப் போனால் நம்மையே உள்ளே போடுவார்கள்" என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. தண்டனைச் சட்டக்கோவையின் 386 ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. உரியவருக்காகப் பாதுகாக்கவோ அவரிடம் திருப்பிக் கொடுக்கவோ எடுத்தவர் குற்றவாளி அல்ல. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடினால் கண்டுபிடிக்கலாம் என்றிருந்தும், தேடாமல் தனதாக்கிக்கொண்டவர்தான் குற்றவாளி. மார்க்கமும் சட்டமும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன, நாம்தான் வேறிடத்தில் நிற்கிறோம். ஆனாலும் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் கூடப் போங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

பள்ளிவாசலில் மைக் இருக்கிறதுதானே என்பீர்கள். தொலைந்த பொருளைப் பள்ளிக்குள் தேடி அறிவிப்பதைத் தடுத்த ஹதீஸ் இருக்கிறது, வாசலில் நின்று சொல்வதையே இமாம்கள் காட்டித்தந்தார்கள். மார்க்கம் ஒருபுறமிருக்க, பெருநாள் நாளில் பூங்காவில் நிற்பவர்களில் எத்தனை பேர் நமது மஹல்லாவைச் சேர்ந்தவர்கள்? அக்குறணையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் வந்து, இரவே வேனில் ஏறிவிட்ட குடும்பத்துக்கு நமது மைக்கும் கேட்காது, நமது வட்ஸ்அப் குழுமமும் தெரியாது. அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் காப்பு இல்லை என்று அறிவார்கள். அறிந்ததும் எங்கே கேட்பார்கள்? தொலைத்த இடத்தில், பூங்காவில்தான். அங்கே கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லை, ஓர் இலக்கமும் இல்லை.

ஆகவே சபைக்கு வருவோம். பெருநாளைக்குக் கடை போட இடம் கொடுத்துப் பணம் வாங்கத் தெரிந்தது. வாகனம் நிறுத்தத் துண்டு வெட்டத் தெரிந்தது. பூங்கா வாசலில் தவிசாளரின் பெயரோடு கல் நடவும் தெரிந்தது. கண்டெடுத்த பொருளை எழுதிவைக்க ஒரு கொப்பி வைக்கத் தெரியவில்லை. காவலாளியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பொறுப்பேற்றுக்கொள் என்று எழுத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை, பூட்டுள்ள ஒரு பெட்டியும் கொடுக்கவில்லை. அவரது பயமும் அந்தப் பிள்ளையின் பயமும் ஒன்றுதான்.

நாம் கேட்பது கோடிக்கணக்கான திட்டம் அல்ல. ஒரு சீ.ஆர். கொப்பி. திகதி, நேரம், எந்த இடத்தில் கிடந்தது, என்ன பொருள், யார் எடுத்தது, யார் சாட்சி. கடைசி நிரலில் பொருளைப் பெற்றவரின் கையொப்பம். பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று. வாசலில் ஒரு பலகை, அதில் மூன்று மொழியிலும் ஒரு தொலைபேசி இலக்கம். தங்கம், காசு, போன் என்றால் அன்று மாலையே இரண்டு பேர் சேர்ந்து பொலிசில் ஒப்படைத்து, இலக்கத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். மற்றவை பெட்டியில் இருக்கட்டும். ஒற்றைச் செருப்புக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் வருடக்கணக்கில் அறிவிப்புத் தேவையில்லை, வேலியில் தொங்கவிட்டால் உம்மாமார் தேடி வருவார்கள்.

"காவலாளியே எடுத்துவிட்டால்?" என்று யாராவது கேட்பார்கள். கொப்பியும் சாட்சியும் அதற்காகத்தானே. அந்தப் பிள்ளை பையை நீட்டிய நேரத்தில் அப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால், இரண்டு வரியில் அவன் வேலை முடிந்திருக்கும். வீடியோ போட்டவருக்கு யாராவது அந்தப் பக்கத்தைக் காட்டியிருப்பார்கள்.

கொப்பியையும் பெட்டியையும் வாங்க எங்கள் ஆசிரியர்கள் காசு சேர்த்துவிட்டோம். திங்கட்கிழமை காலை சபைக்குக் கடிதத்தோடு போகிறோம், கூட வர விரும்புகிறவர்கள் எட்டரைக்குப் பாடசாலை வாசலுக்கு வாருங்கள். காவலாளிக்கு எழுத்தில் பொறுப்பைத் தராமல் அந்தக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு வரமாட்டோம்.

வீடியோ போட்ட சகோதரருக்கு: உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை, யாரும் கொமன்டில் எழுதவும் வேண்டாம். எழுதினால் அழிப்போம். நீங்கள் செய்ததை உங்களுக்கு நாங்கள் செய்யப்போவதில்லை. ஆனால் அந்தப் பக்கம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பிள்ளையின் முகத்தைப் போட்ட அதே இடத்தில், முகம் இல்லாமல், நடந்ததை எழுதுங்கள். வாப்பா வெள்ளிக்கிழமைகளில் கடலுக்குப் போவதில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார்.